குஞ்சு ஆமையின் கண்ணையும் கணக்கில் சேருங்கள்: கடலோரத் தெருவிளக்குப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். பழவேற்காட்டிலிருந்து கொடியக்கரை வரை கடலை ஒட்டிய மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளில் தெருவிளக்குகளைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஆமைகளைப் பற்றிய கடிதங்கள் வழக்கமாக வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும்தான் போகும். ஆனால் கடற்கரையில் எந்த நிறத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எத்தனை மணி வரை விளக்கு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் கோப்பு உங்கள் மேசைக்குத்தான் வருகிறது. மணலுக்குள்ளிருந்து வெளியே வரும் பங்குனி ஆமையின் (ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி) குஞ்சு கடலைப் போய்ச் சேருமா, சாலைக்குப் போய்ச் சேருமா என்பதைப் பெருமளவு அந்தக் கோப்புதான் தீர்மானிக்கிறது. உங்களில் பலருக்கு இதை யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஆமைப் பருவத்தில் சென்னைக் கடற்கரையில் இரவு நடைக்குப் போகும் தன்னார்வலர்களில் ஒருத்தி. இந்த நடை 1970-களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சேர்ந்தவர்களும் தொடங்கியது. 1988-லிருந்து மாணவர்கள் அமைத்த கடலாமைப் பாதுகாப்புக் குழு இதை விடாமல் நடத்தி வருகிறது. ஆமை முட்டையிட்ட இடத்தைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகள் வந்ததும் கடலில் விடுவதுதான் வேலை. எதற்காக முட்டைகளை எடுக்க வேண்டும்? இட்ட இடத்திலேயே பொரிந்தால் என்ன? நாய் தோண்டிவிடும், ஆள் மிதித்துவிடும், முட்டை களவு போகும் என்பதெல்லாம் உண்மை. இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு கூடு தப்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குஞ்சுகள் வெளியே வந்ததும் எதிரே தெரிவது நம் விளக்கு. அங்கேதான் அவற்றின் கதை முடிகிறது.

விளக்கைப் பார்த்துக் குஞ்சு குழம்பிவிடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். உங்களுக்கு அது போதாது. அந்தக் குழப்பம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த விளக்கை மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று உங்களால் முடிவு செய்ய முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தாய் ஆமைகள் கரையேறுகின்றன. நாற்பது கிலோ அளவு எடை, இரண்டடி நீள ஓடு. மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதோடு தாயின் வேலை முடிந்தது. 45 முதல் 60 நாள் கழித்துக் குஞ்சுகள் பொரிக்கும்போது வழிகாட்ட யாரும் இல்லை. கடல் எது என்று அவை பார்த்ததும் இல்லை. அவற்றிடம் இருப்பதெல்லாம் பிறக்கும்போதே உடம்பில் வந்த புலன்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புலன் வழிகாட்டிவிட்டு, அடுத்ததன் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

முதலில் வெப்பம். முட்டையை உடைத்த குஞ்சுகள் உடனே மேலே வருவதில்லை. கூட்டமாகச் சேர்ந்து, மேலிருக்கும் மணலைச் சரித்துச் சரித்து, மெல்ல ஏறுகின்றன. பகலில் மேல் மணல் சுட்டால் அப்படியே அசையாமல் கிடக்கும். பொழுது சாய்ந்து மணல் குளிர ஆரம்பித்ததும் மறுபடி அசையும். அந்தக் குளிர்ச்சியை வைத்துத்தான் மேலே இரவு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கின்றன. வெயிலில் வெளிவந்தால் காக்கையும் பருந்தும் விடாது, சூடும் விடாது. இருட்டில் வருவதற்கு இந்த ஓர் உணர்வே போதுமாக இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் பொறுப்பு கண்ணுக்குப் போகிறது. உங்கள் விளக்கு குறுக்கே வருவது இந்த இடத்தில்தான், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

கடலாமையின் கண் தண்ணீருக்குள் பார்ப்பதற்காக அமைந்தது. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அதற்குக் கடுமையான கிட்டப்பார்வை. அலையின் வடிவத்தையோ படகையோ அது தெளிவாகப் பார்ப்பதில்லை. 1960-களில் டேவிட் எரன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர், முட்டையிட வந்த பெரிய பச்சை ஆமைகளின் கண்களை மறைத்து விட்டுப் பார்த்தார். அவற்றால் கடலுக்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே காலத்தில் நிக்கோலஸ் ம்ரசோவ்ஸ்கி குஞ்சுகளின் ஒரு கண்ணை மட்டும் மூடி விட்டார். மூடாத கண் இருக்கும் பக்கமாகவே அவை வட்டமடித்தன. இரண்டு கண்ணுக்கும் வரும் வெளிச்சத்தைச் சமன் செய்துகொண்டு, வெளிச்சம் அதிகமாக இருக்கும் திசையை நோக்கி நகர்கின்றன என்பது அதிலிருந்து புரிந்தது.

எல்லா வெளிச்சத்தையும் அவை பார்ப்பதில்லை. பக்கவாட்டில் குஞ்சின் பார்வை மிக அகலமானது. மேலும் கீழுமாகப் பார்த்தால் மிகக் குறுகலானது. தொடுவானத்தை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டைதான் அதற்கு முக்கியம். தலைக்கு மேல் பௌர்ணமி நிலா இருந்தாலும் அதைப் பார்த்து அது ஏறப்போவதில்லை. தரையோடு தரையாக, எந்தத் திசையில் விரிந்த வெளிச்சம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அதோடு, எந்தப் பக்கம் உயரமாகக் கறுத்துத் தெரிகிறதோ அந்தப் பக்கத்தை விட்டு விலகுகிறது.

இந்த இரண்டு விதியும் எவ்வளவு சரியானவை என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மின்விளக்கு இல்லாத கரையில், கடல் வானத்தின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. நிலப்பக்கம் மணல்மேடு, அடப்பங்கொடி, ராவணன் மீசைப் புல், அதற்குப் பின்னால் பனையும் தாழையும். அந்தப் பக்கம் எப்போதும் இருட்டு. சங்ககால நெய்தல் நிலப் பாட்டுகளிலேயே அடும்பங்கொடி (இதே அடப்பங்கொடிதான்) படர்ந்த மணலில் ஆமை முட்டை புதைப்பது வந்துவிடுகிறது. அப்படியென்றால் இந்தக் கரையில் எவ்வளவு காலமாக இது நடக்கிறது! கடலாமைகள் உலகில் தோன்றி 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலமும் தாழ்வாகத் தெரியும் வெளிச்சம் என்றால் அது கடல்தான். பொய் சொல்லாத ஓர் அடையாளத்தை நம்பி வளர்ந்த உடம்பு அது. அந்த அடையாளம் பொய்யாகிவிட்டது என்று அதற்குச் சொல்ல வழியில்லை. ஒரு குஞ்சு அனுபவத்தில் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கு, அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதே இல்லை.

கண் சரியாக வழிகாட்டிக் குஞ்சு நீரைத் தொட்டுவிட்டால், அடுத்த பொறுப்பு உடம்பின் அசைவுணர்வுக்கு. எதிரே வரும் அலை அதை மேலே தூக்கி, பின்னே தள்ளி, கீழே இறக்கி, முன்னே இழுக்கிறது. இந்த வரிசையை உணர்ந்து, இருட்டிலும் அலையை நேர் எதிராக எதிர்கொண்டு நீந்துகிறது. அலைகள் கரையை நோக்கித்தான் வருகின்றன என்பதால் அலைக்கு எதிரே போனால் ஆழ்கடல். கரையை விட்டுத் தள்ளிப் போனபின் அலையின் திசை நம்பத்தக்கதாக இருக்காது. அப்போது பூமியின் காந்தப்புலம் கைகொடுக்கிறது. பெருந்தலை ஆமைக் குஞ்சுகளை இருட்டான தொட்டியில் விட்டு, சுற்றிலும் மின்கம்பிச் சுருள் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பிப் பார்த்தார் கென்னத் லோமன். குஞ்சுகளும் தம் திசையைத் திருப்பிக்கொண்டன. 1991-ல் அந்த ஆய்வு வெளியானது. தொடர்ந்து செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. எந்தக் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை, தொடக்கத்தில் வெளிச்சத்தையும் அலையையும் நோக்கிப் போன திசையிலிருந்துதான் குஞ்சுகள் எடுத்துக்கொள்கின்றன. மணலில் தவழும் அந்தச் சில நிமிடங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போது தெரிகிறதல்லவா?

நேரத்துக்கும் மதிப்பு உண்டு. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தி, மீன்களும் பறவைகளும் மொய்க்கும் கரையோர நீரைத் தாண்டியாக வேண்டும். மணலில் இரண்டு மணி நேரம் அலைந்து அந்தக் கட்டுச்சோற்றைச் செலவழித்துவிட்ட குஞ்சு, விடியற்காலையில் யாரோ தூக்கிக் கடலில் விட்டாலும் அந்தத் தூரத்தை நீந்திக் கடப்பது கடினம்.

விளக்கு தப்பாக இருக்கும் கரையில் என்ன நடக்கிறது என்பதை மணலே சொல்லும். எங்கள் கண்ணில் படாமல் போன ஒரு கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவந்த தடத்தை ஒரு விடியலில் பார்த்தேன். கூட்டிலிருந்து ஒரு கோடுகூட நேராகக் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் ஒரு கம்பத்தை நோக்கி விசிறிபோல் விரிந்து போயிருந்தன. கம்பத்துக்கு அருகே தடங்கள் வளைந்து, சுழன்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. நடைபாதைச் சுவருக்கு அடியில் சில குஞ்சுகள் உயிரோடு இருந்தன. சாலையில் கிடந்தவை இல்லை. நண்டுகளும் நாய்களும் கொண்டுபோனவற்றுக்குக் கணக்கே இல்லை. கம்பத்தில் எந்தக் குறையும் இல்லை. போட்ட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்த வேலையை வரையறுத்தபோது மணலில் யார் இருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தாய்க்கும் இதே கதைதான். வெளிச்சம் அடிக்கும் கரையில் ஏறத் தயங்கித் திரும்பிவிடுகிறது, அல்லது இருட்டாக இருக்கும் வேறு இடம் தேடிப் போகிறது. அந்த இடம் அலை ஏறி முட்டை அழுகும் இடமாகக்கூட இருக்கலாம்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். கடற்கரைச் சாலைக்குப் போதிய வெளிச்சம் இருக்கிறதா என்று லக்ஸ் மீட்டர் வைத்து அளக்கிறீர்கள். லக்ஸ், லூமன் இரண்டுமே மனிதக் கண்ணின் கூர்மையை அடிப்படையாக வைத்துச் செய்த அளவைகள். பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில், மிகக் கூர்மையாக இருக்கிறது. அதனால் மீட்டரும் அங்கேதான் அதிக எடை போடுகிறது. 450 நானோமீட்டர் நீலத்துக்கு அது தரும் எடை சுமார் 4 சதவீதம். வெள்ளை எல்இடி வேலை செய்வதே 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை வைத்து, அதன்மேல் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சு போட்டுத்தான். பங்குனி ஆமைக் குஞ்சை அதிகமாக இழுப்பதும் புற ஊதாவிலிருந்து நீலம், பச்சை வரையிலான இந்தக் குறுகிய அலைநீளங்கள்தான். ஒடிசாவின் ருசிகுல்யா கரையில் இதே இனத்தின் குஞ்சுகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வும் இந்த அலைநீள வேறுபாட்டையும் ஒளிச்செறிவையும்தான் பேசுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். பழைய சோடியம் விளக்கும் புதிய வெள்ளை எல்இடியும் உங்கள் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம். குஞ்சின் கண்ணுக்கு அவை இரண்டும் ஒன்றே இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு சோடியத்தைக் கழற்றி எல்இடி போட்டபோது, கணக்குப் புத்தகத்தில் தெரியாத ஒரு மாற்றம் கடற்கரையில் நடந்துவிட்டது. அளக்கும் கருவியே அந்த மாற்றத்தைப் பார்க்கும்படி செய்யப்படவில்லை. எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே மிகவும் கவலை தரும் இடம்.

எல்இடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க அதைவிடப் பொருத்தமான விளக்கு கிடையாது. ஒரே நிறத்தில் ஒளிரச் செய்யலாம், ஒரு பக்கம் மட்டும் விழச் செய்யலாம், வேண்டிய நேரத்தில் மங்கவைக்கலாம், அணைத்தால் உடனே அணையும், போட்டால் உடனே எரியும். சோடியத்தில் இவற்றில் பாதிகூட முடியாது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கடலோர மாவட்டங்களும் நகரங்களும் ஆமைப் பருவத்துக்கான விளக்கு விதிகளைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. அங்கே பின்பற்றும் முறை எளிதானது: விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும், மறைப்போடு இருக்க வேண்டும், 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில், அதாவது ஆம்பர் (தேன் போன்ற மஞ்சள்), ஆரஞ்சு, சிவப்பில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. பளிச்சென்று எரியும் ஆம்பர் விளக்கும் குஞ்சை இழுக்கும், குறைவாக இழுக்கும் என்பதுதான் வேறுபாடு. 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெதுவெள்ளை விளக்கைப் போட்டுவிட்டு மாற்றிவிட்டோம் என்று திருப்தி அடைவதும் சரியாகாது. நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் அந்த விளக்கிலும் நீலம் கணிசமாக இருக்கிறது. விளக்கு நிறுவனம் தரும் கெல்வின் எண்ணை மட்டும் பார்க்காமல், அலைநீள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கம்பம் இங்கே தேவையா என்பது. மணலைப் பார்த்து நிற்கும் உயர்கோபுர விளக்குகள் பலவற்றுக்கு இந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும். சாலைக்கும் நடைபாதைக்கும் வெளிச்சம் வேண்டும், சரி. மணலுக்கும் அலைக்கும் எதற்கு? அடுத்தது மறைப்பு. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இரவில் முட்டையிடும் மணலுக்குப் போய்ப் படுத்து, கணுக்கால் உயரத்தில் கண்ணை வைத்து நிலப்பக்கம் பாருங்கள். விளக்கின் ஒளிரும் பகுதி நேரடியாக உங்கள் கண்ணில் பட்டால் குஞ்சின் கண்ணிலும் படும். கம்பத்தின் உயரத்தைக் குறைத்தோ, கடல் பக்கம் தகடு வைத்தோ, ஃபிட்டிங்கைத் தரை பார்த்துத் திருப்பியோ அதைச் சரிசெய்யலாம்.

அப்புறம் நேரம். பருவத்தில் இரவு 11 மணிக்கு மேல் கடற்கரை விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு சில இடங்களில் நடக்கிறது. அதற்கு நன்றி. முட்டையிட வரும் தாய்க்கு அது பெரிய உதவி. குஞ்சுகளுக்கு அது மட்டும் போதாது. மணல் குளிர்வதை வைத்து வெளிவருகின்றன என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் இருட்டிய சில மணி நேரத்திலேயே வெளிவந்துவிடும் கூடுகள் உண்டு. 11 மணிக்கு நாம் சுவிட்சை அணைக்கும்போது அவை ஏற்கெனவே சாலையில் இருக்கும். அதோடு தாய்கள் வருவது ஏப்ரலில் குறைந்துவிட்டாலும், குஞ்சுகள் வருவது மே மாதமும் நீளும். ஆகவே அணைப்பது, மறைப்பது, நிறம் மாற்றுவது மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

பெண்கள் பாதுகாப்பு, திருட்டு, விபத்து என்று நீங்கள் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியும். இரவில் அந்த மணலில் நடக்கும் பெண் நான். அனுபவத்தில் சொல்கிறேன், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்குக்குப் பக்கத்தில் நின்றால் அதைத் தாண்டி இருட்டில் யார் நிற்கிறார்கள் என்று எதுவுமே தெரியாது. நம் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் எடுக்கும், ஒரு பளிச்சென்ற விளக்கு அதை நொடியில் கெடுத்துவிடும். தாழ்வான, கூசாத, ஆம்பர் வெளிச்சத்தில் பாதையும் தெரியும், பாதைக்கு அப்பால் இருப்பதும் தெரியும்.

மீனவர் குப்பங்கள் விஷயம் வேறு. விடியுமுன் படகு தள்ளுகிறவர்களுக்கும், வலை பிரிக்கிறவர்களுக்கும், மீன் ஏலம் எடுக்கும் பெண்களுக்கும் வெளிச்சம் அவர்கள் தொழிலின் பகுதி. அதைப் பிடுங்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, அந்த இடத்தில் மட்டும் மறைப்போடு போடுங்கள். ஆமை எங்கே ஏறுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்கே தெரியாது. பல கூடுகளை எங்களுக்குக் காட்டிக்கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

கடலோரத்து அடுக்குமாடிகள், உணவகங்கள், விடுதிகள் இவற்றின் விளக்குகள் உங்கள் கையில் நேரடியாக இல்லை. ஆனாலும் கட்டட அனுமதி உள்ளாட்சி வழியாகத்தான் போகிறது. கடல் பக்கத்து மாடிக்கும் தோட்டத்துக்கும் மறைப்பு இல்லாத விளக்கு கூடாது என்று ஒரு நிபந்தனையை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதற்கு எடை இருக்கும். பங்குனி ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஆமை முட்டையிடும் இடங்கள் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. நீங்கள் புதிதாக எந்த அதிகாரத்தையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பொரிப்பகங்கள்தான் இருக்கின்றனவே என்று சிலர் சொல்கிறார்கள். பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள்: இது வேறு வழி இல்லாமல் செய்வது. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும், மாற்றும்போது புரட்டக் கூடாது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண்கள் கூடும். இடம் மாறினால் அந்தச் சூடும் மாறலாம். நாங்கள் இரவு நடக்கும் கரை மிகச் சிறியது, தமிழகத்தின் கடற்கரையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆள் நடக்காத கரையில் பொரியும் குஞ்சுக்கு இருப்பது அதன் கண் ஒன்றுதான்.

ஆமைகளுக்கு விளக்கைவிடப் பெரிய எமன் இழுவலை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்து முதன்முறையாக முட்டையிட வந்த ஆமைகளும் அதில் இருந்திருக்கும். சிக்கிய ஆமை தப்பிக்க வழிவிடும் ஆமை விலக்கு கருவியை வலையில் பொருத்துவது, இழுவைப் படகுகளைக் கரையிலிருந்து விலக்கி வைப்பது ஆகியவற்றுக்காக நாங்கள் வேறு கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே தீர்வுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது, ஏனென்றால் அதில் பலரின் பிழைப்பு இருக்கிறது. விளக்கு விஷயத்தில் யாருடைய பிழைப்பும் போகாது. இவ்வளவு பேரிழப்புக்குப் பின், மிஞ்சிய தாய்கள் இட்ட முட்டைகளின் மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

ஆமையை மட்டும் பேசினாலும், விளக்கு குறுக்கிடும் புலன்கள் பல. விளக்கில் விழும் விட்டிலை ஆசையின் உருவமாகவே நாம் காலங்காலமாகப் பேசி வந்திருக்கிறோம். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, பூச்சிகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து வேறொன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எது மேல், எது கீழ் என்று அறிகிறது. வானம்தான் வெளிச்சமாக இருக்கும் என்ற நம்பிக்கை அது. பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் முதுகை அதன்பக்கம் திருப்பித் திருப்பி, அதைச் சுற்றியே சிக்கிக்கொள்கிறது. மழை பெய்த மாலையில் உங்கள் கம்பங்களைச் சுற்றும் ஈசல்களுக்கும் இது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடலுக்குள்ளும் இதுபோல்தான். கோமாளி மீன் முட்டைகளை இரவில் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றுகூடப் பொரியவில்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. இருட்டுதான் அவற்றுக்குப் பொரியும் நேரத்தைச் சொல்கிறது. ஆமைக்காக நீங்கள் மறைக்கும் ஒரு விளக்கு, நாம் பெயர்கூட அறியாத பலவற்றுக்கும் பயன்படும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை கடலை ஒட்டிய சாலைக்கு விளக்கு வாங்க டெண்டர் விடும்போது, விவரக்குறிப்பில் மூன்று வரி சேருங்கள்: கடல் பக்கம் ஒளி கசியாத மறைப்பு, 560 நானோமீட்டருக்குக் கீழே ஒளி தராத ஆம்பர் எல்இடி, மங்கவைக்கவும் அணைக்கவும் டைமர். இப்போது இருக்கும் விளக்குகளை எல்லாம் உடனே கழற்ற வேண்டாம், ஆயுள் முடிந்து மாற்றும்போது மாற்றினால் போதும். அதுவரை மணலில் நேராக விழும் விளக்குகளுக்குத் தகடு மட்டும் வையுங்கள். எந்தெந்தக் கம்பங்கள் என்று கண்டுபிடிக்க டிசம்பரில் ஓர் இரவு எங்களோடு வாருங்கள். கூடுகள் எங்கெங்கே இருந்தன என்ற பல ஆண்டுக் குறிப்புகள் தன்னார்வலர்களிடம் இருக்கின்றன, உங்களிடம் கம்ப எண்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இரவில் முடிகிற வேலை. தாய் ஆமைகள் ஜனவரியில் வரத் தொடங்கிவிடும் என்பதால், டிசம்பரைத் தள்ளிப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆமை நடைத் தன்னார்வலர் ஒருத்தி,
சென்னை